நாலு கிலோமீட்டருக்கு வாங்கிய டயர்

எங்கள் பிக்கப்புக்கு டயர் தேட ஆரம்பித்தபோது நோட்டில் நான் எழுதிய முதல் வரி இது: தார் ஐம்பத்திரண்டு, மண் நாலு. எங்கள் வீட்டிலிருந்து கல்வராயன் மலையின் அந்த மரவள்ளிக் கொல்லைகள் வரைக்குமான தூரத்தை ரோட்டின் வகைப்படி பிரித்த கணக்கு. ஐம்பத்திரண்டு கிலோமீட்டரை எந்த டயரும் ஓடிக் கடந்துவிடும். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலை ஏறும் வளைவுகள், எல்லாம் தார். வெள்ளிமலையைத் தாண்டி இடது பக்கம் இறங்கினால்தான் அந்த நாலு கிலோமீட்டர். வெயிலில் அது செம்மண் ரோடு. மழையில் அதை ரோடு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

வண்டி எங்களிடம் இருக்குமா, விற்கப்படுமா என்பது அந்த நாலு கிலோமீட்டரில்தான் முடிவாக வேண்டியிருந்தது.

அப்பா பைக்கில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தார். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, சென்னைக்கு வெளியே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கொரோனா காலத்தில் ஆள் குறைத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்தது. ஆனாலும் பிக்கப் ஆறு மாதமாகத் தார்ப்பாய் போர்த்தி வேப்பமரத்தடியில் நின்றது. சித்தப்பா எலவனாசூர்கோட்டையில் அதை வாங்க ஒரு ஆளைப் பார்த்து வைத்திருந்தார்.

"நிக்கிற வண்டி துருதான் புடிக்கும்ண்ணா. ஆளு கேக்கும்போதே தள்ளி வுட்டுரு."

"பாப்பா ஓட்றேங்குது."

"இன்னாத்த ஓட்டும்? கரும்பு லோடு அடிக்குமா? செங்கல் லோடு அடிக்குமா? பொம்பளப் புள்ளைக்கு எவன் லோடு குடுப்பான்?"

இதையெல்லாம் நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பேசினார்கள். சித்தப்பா போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தை முடியறதுக்குள்ள நெரந்தரமா ஒரு லோடு புடிச்சிடுவியா பாப்பா? புடிச்சா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா அவன் சொல்றாப்புல செஞ்சுடலாம்."

"புடிக்கிறேம்ப்பா," என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

யாரும் வராத இடத்தில் போய்க் கேட்டால்தான் எனக்கு லோடு கிடைக்கும் என்பது என் கணக்கு. மழைக்காலத்தில் மலையின் உள்ளூர்களுக்கு லாரி வராது, கிழங்கைத் தலைச்சுமையாகத் தார் ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். பஸ்ஸில் வெள்ளிமலை போய், அங்கிருந்து நடந்தேன். மூன்று சிற்றூர்களின் மரவள்ளியை எடை போட்டு ஜவ்வரிசி மில்லோடு பேசும் பொறுப்பு என் வயதுடைய ஒரு மலைக்காரப் பெண்ணிடம் இருந்தது. முதல் பேச்சிலேயே என்னை வா, போ என்றாள். எனக்கும் அது சுலபமாக இருந்தது.

"வெயில்ல எவனும் வருவான். மழையில வர்ற வண்டிக்கு வருசம் பூரா லோடு. மூணு ஊரும் பேசி வச்சது இது."

"மழையில வந்து காட்டினா போதுமா?"

"ஒருக்கா வந்து படம் காட்டிட்டுப் போறதுக்கா? கெழங்கு புடுங்கிட்டேன்னு நான் போன் பண்ணா அன்னைக்கே வரணும். கெடந்தா பாயிண்டு போயிரும்."

பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கும் மாவின் அளவு. மில்லில் ஒரு கூடைக் கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்துச் சொல்வார்கள். பிடுங்கிய அன்றே போனால் நல்ல பாயிண்ட் நிற்கும். இரண்டு நாள் கிடந்தால் உள்ளே கறுக்க ஆரம்பிக்கும். ஒரு வருஷப் பாடு இரண்டு நாளில் இறங்கிவிடும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். எங்கள் வண்டியின் டயர்கள் நடுவில் மொழுமொழுவென்று தேய்ந்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு டயர் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். யாரும் வராததால் என்னிடமே பேசினார்.

"மலைக்கா? அப்ப பட்டன் டயர்தான். இத பாரும்மா, அகலமா. ஜீப் வெச்சிருக்கிற பசங்க எல்லாம் இதான் கேக்குறாங்க. வண்டி சிங்கம் மாதிரி நிக்கும்."

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருந்த எண்களைக் குனிந்து படித்தேன். "சிங்கம் எவ்ளோ செமக்கும்ண்ணே?"

"இன்னா?"

"ஒரு டயருக்கு இதுல போட்டிருக்கிற எடை, எங்க வண்டிக்குப் பத்தாது. ஒன்றரை டன் கெழங்கு ஏத்தணும். இது காத்து வாங்கப் போறவங்களுக்கு."

அவர் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதன்பிறகு அரை நாள் பேசினோம். என் நோட்டில் ஐந்து கேள்விகள் இருந்தன. சுமை தாங்குமா. எங்கள் ரிம்முக்குப் பொருந்துமா. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசுமா. தாரில் எவ்வளவு கத்தும். பட்டன்களுக்கு, அதாவது டயரில் துருத்தி நிற்கும் கட்டைகளுக்கு, நடுவே இடைவெளி எவ்வளவு. ஐந்தாவதை ஐந்தாவதாக வைத்ததுதான் நான் செய்த தப்பு. பட்டன்கள் நெருக்கமாக இருந்த ஒன்று முதல் நாலு கேள்விக்கும் அழகாகப் பதில் சொன்னது. தாரில் அவ்வளவாகக் கத்தாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஐம்பத்திரண்டு கிலோமீட்டரை நினைத்து, அதையே நாலு வாங்கினேன்.

வாங்கியதோடு விடவில்லை. சோதிக்காமல் எதையும் அனுப்பாத பிரிவில் வேலை பார்த்தவள் நான். சோதிக்கச் சேறு வேண்டும். சேற்றுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பஞ்சம்? சித்தப்பாவின் கழனி நடவுக்காகத் தண்ணீர் கட்டி, சேடை ஓட்டிச் சேறாக்கி, பால் பாயசம்போல் கலங்கிக் கிடந்தது. வரப்பில் நின்றவர்கள் சிரிக்கச் சிரிக்க வண்டியை அதில் இறக்கினேன். முதல் கியரில் ஒரு சுற்று, இரண்டாவதில் ஒரு சுற்று. கணுக்கால் மூழ்கும் சேற்றில் பிக்கப் படகுபோல் போனது. கேலி செய்ய வந்த சித்தப்பாவே தொடையைத் தட்டினார்.

"ஏ, எரும மாதிரி போவுதுடா!"

நோட்டில் 'சோதனை: தேர்ச்சி' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

மார்கழியில் ஒரு நாள் மழை தூறிக்கொண்டிருக்கும்போது, லோடு இல்லாமல் ஒத்திகைக்காக மலைக்குப் போனேன். தார் முடிந்து ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பெரிய ஏற்றம்கூட இல்லை. என்ஜின் சுற்றுகிறது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி மட்டும் பக்கவாட்டில் நண்டுபோல் நகர்ந்து வரப்பில் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். டயரில் பட்டனே இல்லை. இடைவெளியெல்லாம் செங்களி அடைத்து, மழமழவென்று சிவப்பு உருளை நாலு.

மேலேயிருந்து அந்தப் பெண் கையில் களைக்கொத்தோடு இறங்கி வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"டயரு வாங்கிட்டேன்னு சொன்னியே. எங்க, வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?"

அவள் கொத்தை நீட்டினாள். இருவரும் ஆளுக்கு ஒரு டயராகச் சுரண்டினோம். சக்கரத்துக்கடியில் தழை போட்டு, வண்டியைப் பின்னோக்கியே உருட்டித் தாருக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"போன் பண்ணா வருவியா?" என்றாள்.

"இன்னும் போன் பண்ணலியே," என்றேன். அவள் சிரித்தது கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

சுரண்டும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சேற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது சமவெளிக்காரர்களின் நினைப்பு. எனக்கும் அதே நினைப்பு. ஆனால் கழனிச் சேற்றுக்குக் கீழே, அரை அடி ஆழத்தில், எத்தனையோ வருஷம் ஏரும் காலும் மிதித்து இறுகிய தரை இருக்கிறது. டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அதில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீர் பட்டன்களைக் கழுவிக்கொண்டே இருக்கும். மலைச் செம்மண்ணில் இந்த இரண்டு உதவியும் கிடையாது. அதன் களி ஒட்டும், ஒட்டியது விழாது. நான் நீச்சல் பரீட்சை வைத்துவிட்டு மரம் ஏற அனுப்பியிருக்கிறேன்.

மதியச் சோற்றைத் தின்று காலியான டிபன் பாக்ஸில் அந்தக் களியை அழுத்தி நிரப்பிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் டயர் கடையில் டப்பாவைத் திறந்ததும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கேவுரு களியா?"

"மலை மண்ணுண்ணே. கடையில இருக்கிற பட்டன் டயர் எல்லாத்தையும் காட்டுங்க."

ஒவ்வொரு டயரின் இடைவெளியிலும் களியைக் கட்டைவிரலால் அமுக்குவேன். டயரை நிமிர்த்தி, ஒரு தடவை தரையில் குதிக்க விடுவேன். களி விழுகிறதா என்று பார்ப்பேன். கடைக்கு வந்த லாரிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஏழு டயரில் ஆறு, களியைப் பிடித்த பிடி விடவில்லை. ஏழாவது பழைய டயர், யாரோ கழற்றிப் போட்டது. விரல் நாலு நுழையும் இடைவெளி, பட்டன்களின் ஓரம் சரிவாக வெட்டியது. தரையில் ஒரு குதி, களி முழுசாகப் பொத்தென்று விழுந்தது.

"இது வேணும். புதுசா, நாலு."

"இது ஊரக் கூட்டுமேம்மா. தார்ல ஓட்டினா காது போயிடும். டீசலும் ஜாஸ்தி குடிக்கும்."

"பரவால்லண்ணே. கத்தட்டும்."

நெருக்கப் பட்டன் நாலையும் அவரே திருப்பி எடுத்துக்கொண்டார். ஒரு செங்கல் சூளை வண்டிக்கு அவை தேவைப்பட்டன. புதியவை சென்னையிலிருந்து பார்சல் லாரியில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் வந்து, அங்கேயே இரண்டு நாள் நின்றன. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்த ரோடு எப்போது நிற்கும் என்று பஸ் டிரைவருக்கே தெரியாது. தேய்ந்த டயர்களோடு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டை போய், லாரி ஷெட்டில் என் டயர்களைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தாரில் வண்டி நாற்பதைத் தொட்டதும் 'ஊஊ' என்று ஒரு சத்தம் அடியிலிருந்து கிளம்பும். அறுபதில் அது பல் வரைக்கும் வரும். எங்கள் தெருவில் அதற்கு ஹெலிகாப்டர் என்று பேர் வைத்தார்கள். நான் திரும்பும்போது கோழிகள் முன்னதாகவே ஓரம் போய்விடும். ஸ்டியரிங் கனத்தது. நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் வழக்கத்தைவிட ஒரு வண்டி நீளம் தள்ளித்தான் நிற்கும். அதற்கேற்ப முன்வண்டியோடு தூரம் விட்டு ஓட்டப் பழகினேன். சாயந்திரம் திருப்புளியோடு உட்கார்ந்து பட்டன்களுக்கு நடுவே மாட்டிய சரளைக்கல்லைப் பொறுக்குவது ஒரு வேலையாயிற்று. காற்று விஷயத்தில் மட்டும் ஊர் வழக்கத்தை விட்டேன். எங்கள் பக்கத்தில் டயரை உதைத்துப் பார்த்துக் கல்லுபோல் இருந்தால்தான் காற்று சரி என்பார்கள். நான் கேஜ் வைத்து, சாக்பீஸால் கதவின் உள்பக்கம் எழுதினேன்: காலியாக மண்ணில் ஏற இருபத்தெட்டு பவுண்டு, லோடோடு மண்ணில் இறங்க நாற்பத்தைந்து, தாரில் அறுபது. காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படுக்கும், களியில் இறங்காமல் மேலேயே பிடிக்கும். பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் சீட்டுக்கடியில் இருந்தது.

அந்தச் சத்தத்தில் நான் எதிர்பாராத ஒரு லாபம் இருந்தது. அப்பா படுத்தபடியே என்னோடு வண்டி ஓட்ட ஆரம்பித்தார்.

"தெரு முனையில மூணாவதுலயே திரும்புற. சத்தம் இழுக்குது பாரு. ரெண்டாவது போட்டுத் திரும்பு."

மறுநாள் இரண்டாவதில் திரும்புவேன். உள்ளேயிருந்து ஒன்றும் வராது. சரி என்று அர்த்தம்.

மார்கழி முடிந்தும் அந்த வருஷம் மழை விடவில்லை. பொங்கல் கழிந்து சில நாளில், ஒரு சாயந்திரம் போன் வந்தது.

"காலையில புடுங்கறோம். மழை விட்டு விட்டுப் பேயுது. லாரிக்காரன் வரமாட்டேன்னுட்டான். நீ?"

"வரேன்."

"சத்தியமா?"

"பத்து மணிக்கு அங்க இருப்பேன்."

போனை வைக்கும்போது சித்தப்பா வீட்டுக்குள் வந்தார். மறுநாள் ஒதுக்கீடு கேட்டு மறியல். ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டிய கூட்ரோட்டுக்குப் போக வேண்டும். வண்டி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வண்டி நாளைக்கு மலைக்குப் போவுது சித்தப்பா."

"மலை எங்க ஓடிப் போவுது? நாளன்னிக்குப் போ."

"கெழங்கு நாளைக்குப் புடுங்குறாங்க."

"உங்களுக்கெல்லாம்தான ரோட்டுல போய் ஒக்கார்றோம்? நீ படிச்ச சீட்டு எப்டி வந்துச்சு?"

அது உண்மைதான். என் டிப்ளமோ சீட்டு ஒதுக்கீட்டில் வந்தது. அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை, அதையும் சொன்னேன். "அந்தச் சீட்டுல படிச்சதாலதான் டயரு பாத்து வாங்கத் தெரிஞ்சுது சித்தப்பா. ஆளுங்களுக்கு டிராக்டர் இருக்குது. கெழங்குக்கு நான் ஒருத்திதான்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

"போ," என்றார் சித்தப்பா. "மாட்டிக்கினு போன் பண்ணுவ பாரு. நாளைக்கு எல்லா டிராக்டரும் ரோட்டுல நிக்கும். இழுக்க ஒருத்தன் வரமாட்டான்."

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். கூட்ரோட்டில் அப்போது இன்னும் யாரும் உட்காரவில்லை. ஒன்பதேகாலுக்குத் தார் முடிந்தது. இறங்கிக் காற்றை இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு டயரும் கொஞ்சம் வயிறு தள்ளி உட்கார்ந்தன. முன்பு மாட்டிய இடம் வந்தது. இரண்டாவது கியர், ஒரே சீராக. சக்கரம் லேசாக வழுக்கியது. போன தடவை இங்கே பயந்து காலை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு நொடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட்டேன். மட்கார்டுக்குள் படபடவென்று அடித்தது. கடைத் தரையில் விழுந்ததைப்போல் களி கட்டிகட்டியாகக் கழன்று பறந்துகொண்டிருந்தது. சக்கரம் பிடித்தது. வண்டி ஏறியது.

அடுத்தது ஓடைமேல் வாராவதி, அந்தச் சின்னப் பாலத்தின் மேல் கால் அடித் தண்ணீர். அப்புறம் பலாமரத்து ஏற்றம். அங்கே முன்சக்கரம் ஒரு முறை பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் வழி விட்டு மெல்ல இழுத்ததும் தடத்துக்கு வந்தது. கடைசி வளைவில் சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்பது வளைவு தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

கொல்லை ஓரத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். கிழங்கு சிவப்பு மண்ணோடு குவிந்து கிடந்தது. பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. அந்தப் பெண் வண்டியைச் சுற்றி வந்து, டயரில் கையை விட்டுப் பார்த்தாள். பட்டன்களுக்கு நடுவே அவள் விரல்கள் நாலும் உள்ளே போயின.

"இப்பத்தான் டயரோட வந்திருக்க," என்றாள். "தாருல வரும்போதே உன் சத்தம் இங்க கேட்டுச்சு. அப்பவே கூடைய எடுங்கன்னுட்டேன்."

ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம். நாற்பத்தைந்துக்குக் காற்று பிடித்து, முதல் கியரில் என்ஜினின் பிடிப்பிலேயே இறங்கினேன். பின்னால் சுமை அமுக்க, டயர்கள் நகம் ஊன்றி வந்தன. தார் வந்ததும் அறுபது.

நாலு கிலோமீட்டரை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், ஐம்பத்திரண்டை நான் மறந்துவிட்டேன்.

மில் சின்னசேலம் பக்கம். அதற்குப் போகும் கூட்ரோட்டில்தான் மறியல். தூரத்திலேயே தெரிந்தது: ரோட்டின் குறுக்கே டிராக்டர்கள், அதற்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். முன்வரிசையிலிருந்து சித்தப்பா எழுந்து வந்தார். கூரை வரைக்கும் சிவப்பாக இருந்த வண்டியைப் பார்த்தார். பின்னால் போய்க் கிழங்கைப் பார்த்தார். ஜன்னலுக்கு வந்தார்.

"எவன் இழுத்து வுட்டான்?"

"யாரும் இல்ல."

"மேல வரிக்கும் போனியா?"

"கொல்லை வரிக்கும்."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. "எங்க அண்ணன் பொண்ணு. மழையில மலைக்குள்ள போயி லோடு எடுத்துக்கினு வந்துக்கீது. கெடந்தா கெட்டுப்போற பொருளு. வுடுங்கப்பா."

"பாலு, ஆஸ்பத்திரி வண்டி மட்டும்தான்னு பேசியிருக்குது," என்றார் ஒருவர். "உன் வூட்டு வண்டின்னு வுட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பான்."

"சாயந்திரம் வரிக்கும் நிக்கட்டும். கெழங்கு தான, ஓடிப்பூடுமா?"

சாயந்திரத்தில் மில் கதவு மூடிவிடும். மறுநாளைக்குப் பாயிண்ட் இறங்க ஆரம்பிக்கும். நான் இறங்கி ரோட்டோரத்தைப் பார்த்தேன். வலது பக்கம் கழனி. அறுவடை முடிந்த தாள், மேலே மழைத் தண்ணீர் பளபளத்தது. கழனி நீளம் முழுக்க ரோட்டை ஒட்டியே போய், டிராக்டர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு களத்துமேட்டில் முடிந்தது. வரப்பில் நின்று ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தேன். அரை அடி வழுவழுவென்று இறங்கி, டக்கென்று நின்றது.

எனக்கு அந்தத் தரையைத் தெரியும்.

"மறியல் ரோட்டுலதான சித்தப்பா?" என்றேன். "கழனியில இல்லியே?"

நாலைந்து பேர் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அது என் கழனிதான். அறுத்தாச்சு. முடிஞ்சா போவட்டும். வரப்பு ஒடைஞ்சா கட்டிக் குடுக்கணும், சொல்லிட்டேன்."

"கட்டித் தரேங்க."

"லோடோட எறங்குறியாம்மா? பொதைஞ்சிடும்," என்றார் இன்னொருவர்.

"பொதைஞ்சா அரை அடிதாங்க. கீழ தரை இருக்குது." மலைக்குச் சரிப்பட்டு வராத அந்தப் பழைய சோதனை, நோட்டில் கோடு போட்ட அதே தேர்ச்சி, இங்கே எனக்காகக் காத்திருந்தது. காற்றைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை. கழனியில் கல்லுபோல் இருக்கும் டயர்தான் வெட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்காரும். "பின்னாடி மட்டும் யாரும் நிக்காதீங்க."

மறியலுக்கு உட்கார்ந்த அத்தனை பேரும் எழுந்து வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

இரண்டாவது கியரில் இறக்கினேன். வண்டி ஒரு முறை குனிந்தது. சக்கரங்கள் தரையைத் தொட்ட அந்தக் கனமான நிம்மதி சீட்டு வழியாக எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரே ஓட்டம். ரோட்டில் என்னோடு கூடவே ஆட்கள் ஓடிவந்தார்கள். "நிக்காத, நிக்காத, அழுத்து!" என்று சித்தப்பாவின் குரல். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். களத்துமேட்டு வரப்பில் முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஒரு மூச்சு தயங்கியது. ஒரு நொடி அழுத்தி விட்டேன். மலையில் கற்ற அதே அழுத்தல். பட்டன்கள் பிடித்த சேற்றையெல்லாம் பின்னால் வீசிவிட்டு வண்டி மேட்டில் ஏறி, களத்தைக் கடந்து, தாரைத் தொட்டு நின்றது.

கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பது வெள்ளைச் சட்டையிலும் புள்ளி. சித்தப்பாவுக்கு முகத்திலும். யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மில்லில் கூடையைத் தண்ணீரில் முக்கினார்கள். எடை பார்த்தவர், "இன்னைக்குப் புடுங்கினதா? இந்த மழையிலயா?" என்று இரண்டாவது தடவை முக்கினார். பாயிண்ட் மாறவில்லை. அந்த எண்ணைப் போனில் சொன்னதும் மலையில் அவள் அதை மற்றவர்களுக்கு உரக்கச் சொல்வது கேட்டது. பிறகு, "வெள்ளிக்கிழமை அடுத்த ஊர்ல புடுங்கறாங்க," என்றாள். "அப்புறம் புதன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போனது.

உடைந்த வரப்பை மறுநாள் நானும் சித்தப்பாவும் போய்க் கட்டினோம். மண்வெட்டியை என்னிடம் கொடுக்கவே இல்லை. வழியில் போகிறவர்களிடமெல்லாம், "இங்கதான் எறக்குச்சு, அங்க ஏறுச்சு" என்று மண்வெட்டியால் காட்டிக்கொண்டிருந்தார்.

எலவனாசூர்கோட்டை ஆள் தை கடைசியில் வண்டி பார்க்க வந்தார். நான் வீட்டில் இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். மாசியில் மறுபடி வந்தார். மூன்றாம் தடவை வந்த நாளில் நான் சாயந்திரம் திரும்பிக்கொண்டிருந்தேன். தெரு முனையில் இரண்டாவது போட்டுத் திரும்பி நிறுத்தும்போது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஊன்றுகோலோடு கதவைப் பிடித்து நின்றிருந்தார்.

"எப்ப வந்தாலும் வண்டி வூட்ல இல்லியே," என்றார் அவர்.

"இருக்காதுங்க," என்றார் அப்பா. "அது மலைக்குப் போற வண்டி."